வேலியைத் தள்ளிப் போடுவோம்: மெய்நிகர் கணினியில் இடம் கூட்டும் வழி

கடந்த விடுமுறையைக் கோலா தெர்லாவில் பாட்டி வீட்டில் கழித்தேன். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்குவதே என் இறுதியாண்டு ஆய்வு. என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ். அதனுள் வெர்ச்சுவல்பாக்ஸ் வழியாக ஓடும் லினக்ஸில்தான் வேலை. அதற்கு 20 ஜிகாபைட் வட்டு ஒதுக்கியிருந்தேன். சுருக்காத ஒலிப்பதிவு மணிக்கு ஏறத்தாழ 600 மெகாபைட் பிடிக்கும். 20 மணி நேரத்திற்கு 12 ஜிகாபைட். மீதியை லினக்ஸும் மென்பொருள்களும் நிரப்பிவிட்டன. ஓரிரவு கோப்பைச் சேமித்தேன், வட்டில் இடமில்லை. காலைப் பெரட்டைப் பற்றிப் பாட்டி சொன்னதெல்லாம் இருந்த கோப்பு, திறந்து பார்த்தால் வெறுமையாய் இருந்தது!

என் முகத்தைப் பார்த்த பாட்டி, "எடம் பத்தலைன்னா வேலியத் தள்ளிப் போட வேண்டியதுதானம்மா?" என்றார். உண்மையில் செய்ய வேண்டியதும் அதுதான், நண்பர்களே. காய்கறித் தோட்டத்தை விரிப்பது போல இதற்கும் மூன்று படிகள் உண்டு: நிலம் வாங்குதல், வேலியை நகர்த்துதல், பாத்தி கட்டுதல்.

முதலில் மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்துங்கள்; உறங்க வைத்தால் போதாது. வட்டுக் கோப்பை வேறோரிடத்தில் நகலெடுங்கள். பழைய நிலைப் பதிவுகள் (ஸ்னாப்ஷாட்) இருந்தால், நகலெடுத்த பின் அவற்றை நீக்குங்கள். அவை இருந்தால் அளவு மாற்றுவதில் சிக்கல் வரும்.

அடுத்து, வெர்ச்சுவல்பாக்ஸின் ஊடக மேலாளரில் வட்டின் அளவை 40 ஜிகாபைட்டாக உயர்த்துங்கள். இது நிலம் வாங்குவது. பலர் இதோடு நின்றுவிட்டு, "இடம் கூடவில்லையே!" என்று திகைக்கிறார்கள். வேலி இன்னும் பழைய இடத்தில்தானே நிற்கிறது!

வேலி என்பது வட்டுப் பிரிவு. பாத்தி என்பது கோப்பு முறைமை. ஜிபார்ட்டெட் குறுவட்டுப் படிமத்தை இணைத்து, அதிலிருந்து மெய்நிகர் கணினியைத் தொடக்குங்கள். பிரிவின் விளிம்பை இழுத்து விரித்தால், அதற்கேற்பக் கோப்பு முறைமையையும் அதுவே விரித்துவிடும். இடையில் ஸ்வாப் பிரிவு குறுக்கிட்டால், முதலில் அதை வெற்றிடத்தின் கடைசிக்கு நகர்த்துங்கள்.

ஓர் எச்சரிக்கை: தேவைக்கேற்ப வளரும் வகை வட்டு, 40 ஜிகாபைட்டையும் உடனே எடுத்துக்கொள்ளாது. ஆனால் அது வளர வளர, உண்மையான கணினியில் அவ்வளவு இடம் இருக்க வேண்டும். இல்லாத நிலத்தில் எவரும் பயிரிட முடியாது.

நல்லவேளையாக ஒலிப்பதிவு தப்பியிருந்தது. இரண்டு இரவுகள் கேட்டுக் கேட்டு மீண்டும் தட்டச்சு செய்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலையும் பதிவு செய்யுங்கள். வட்டு நிறையும் வரை காத்திராமல், இன்றே எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள்.