நோய் எங்கே தொடங்குகிறது?

சென்ற வருடம் காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்துப் பார்த்தபோது டீச்சரின் மடியில் கிடந்தேன். "காலையில சாப்பிட்டியா மகள்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். சாப்பிட்டிருந்தேன். இரண்டு ரொட்டி, தேங்காய்ச் சம்பல், ஒரு கப் பிளேன்டீ. இரண்டு நாள் கழித்து உம்மா என்னை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 9.8 என்று வந்தது.

அதே மாதத்தில், பண்டாரவளையில் நாங்கள் போகும் டியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் தோழிக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு 9.6. நான் அப்புத்தளை நகரில் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள். அவள் நகருக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்தில் வசிப்பவள். இருவருக்கும் ஒரே வருத்தம், ஒரே மாத்திரை. மூன்று மாதத்தின் பின் எனக்கு 12.2 ஆக உயர்ந்தது. அவளுக்கு ஐந்து மாதத்தின் பின்னர்தான் மறுபரிசோதனை செய்ய முடிந்தது. அப்போதும் 9.9 தான்.

ஒரே மாத்திரை ஒருத்தியைக் குணப்படுத்தியது. மற்றவளை ஏன் குணப்படுத்தவில்லை? உயிரியல் படிக்கும் மாணவி என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் விடவில்லை. தேடிப் படித்ததையும் எங்கள் ஊரில் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குருதிச்சோகை என்றால் என்ன?

நமது குருதியிலுள்ள செங்குழியங்களில் ஈமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனை எடுத்து உடலின் ஒவ்வொரு கலத்துக்கும் கொண்டுபோவது இதன் வேலை. இதை ஆக்க இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் ஈமோகுளோபின் குறையும். மூளைக்கும் தசைக்கும் போதிய ஒட்சிசன் போகாது. களைப்பு, தலைச்சுற்று, மேடு ஏறும்போது மூச்சு வாங்குதல், படித்தது மனதில் நில்லாமை எல்லாம் இதனால் வரலாம். பெண்ணொருத்திக்கு ஒரு டெசிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறையாமலும், கர்ப்பிணித் தாய்க்கு முதல் மும்மாதத்திலும் கடைசி மும்மாதத்திலும் 11 கிராமுக்குக் குறையாமலும் ஈமோகுளோபின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

மாதவிடாயின்போது குருதி இழப்பதால் எங்கள் வயதுப் பெண்களுக்கு இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. "பொம்பிளப் பிள்ளைக்குக் களைப்பு வாறது சகஜம்தானே" என்று நம் வீடுகளில் சொல்லி விட்டுவிடுகிறோம். அது சகஜமல்ல, பரிசோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு விடயம்.

தேயிலை நாட்டில் தேநீரின் வேலை

வைத்தியர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது. "எத்தனை தரம் தேநீர் குடிப்பாய்? எப்போது குடிப்பாய்?" சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளைக்கு நாலைந்து தரம் குடிப்பேன் என்றேன். காரணம் இதுதான். தேயிலையிலுள்ள தனின் முதலிய பொருட்கள், பருப்பு, கீரை, தானியம் போன்ற தாவர உணவிலுள்ள இரும்போடு குடலிலேயே பிணைந்துகொள்கின்றன. அப்படிப் பிணைந்த இரும்பைச் சிறுகுடலால் உறிஞ்ச முடியாது. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றிலுள்ள இரும்புக்கு இந்தத் தடை குறைவு. விற்றமின் சி இதற்கு நேர்மாறாக இரும்பை உறிஞ்ச உதவுகிறது. தேசிக்காய், நெல்லி, கொய்யா, தோடம்பழம் ஆகியவற்றில் அது நிறைய உண்டு.

ஆகவே எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை எளிமையானது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடவேண்டும். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக்கூடாது. பருப்புக்குத் தேசிக்காய் பிழிய வேண்டும். கிழமையில் சில நாட்களாவது மீனோ இறைச்சியோ ஈரலோ சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் இவை எல்லாம் நடந்தன. உம்மா தேநீர்ப் போத்தலை என் கண்ணில் படாமல் வைத்தார். வாப்பா வெள்ளிக்கிழமைகளில் ஈரல் வாங்கி வந்தார்.

அதே அறிவுரை, இன்னொரு வீட்டில்

இதே அறிவுரைதான் என் தோழிக்கும் கிடைத்தது. அவள் அதைக் கேட்கவில்லை என்று நான் முதலில் நினைத்தேன். சொன்னால் கேட்காதவள் என்று அவளிடம் கொஞ்சம் கோபித்தும் கொண்டேன். பிறகு ஒரு நாள் அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

அது ஓர் அறையும் சிறு திண்ணையும் உள்ள லயத்து வீடு. ஐந்து பேர். அம்மா விடிவதற்கு முன் எழுந்து விறகு அடுப்பில் ரொட்டி சுட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய்விடுவார். காலைச் சாப்பாடு ரொட்டியும் சாயத்தண்ணியும். அப்புத்தளைக் குளிரில் அந்தச் சாயத்தண்ணிதான் உடம்பைச் சூடாக்குகிறது; கறி இல்லாத நாளில் ரொட்டியைத் தொண்டையில் இறக்குவதும் அதுதான். "ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடின்னு சொல்றாங்க. அப்ப வெறும் ரொட்டிய எதோட சாப்பிடுறது?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இரும்பு மாத்திரையை வெறுவயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும். அவளுக்கும் குமட்டியது. வகுப்பில் வாந்தி வந்துவிடுமோ என்று பயந்து பல நாட்கள் விழுங்காமல் விட்டிருக்கிறாள். மறுபரிசோதனைக்குப் போவதென்றால் அம்மா ஒரு நாள் வேலையை விடவேண்டும். வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதற்கு மேல் இருவருக்கும் பஸ் காசு. நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் மருந்துக்குப் பணம் எடுப்பதில்லை. அது பெரிய வரம். ஆனால் அந்த மருந்தை வாங்கப் போகும் நாளுக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது அந்த அம்மாதான்.

அன்று நான் புரிந்துகொண்டது இதுதான். எங்கள் இருவருக்கும் ஒரே மாத்திரை கிடைத்தது. அது வேலை செய்வதற்குத் தேவையான மற்றவை எனக்கு மட்டும் கிடைத்தன.

நூறு வருடத்துக்கு முந்திய பாடம்

மலைநாட்டுக்கு இது புதிய பாடமல்ல. 1916 இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. இந்தப் புழுவின் குடம்பி ஈர மண்ணில் இருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் போகிறது. பின்னர் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு குருதியைக் குடிக்கிறது. தோட்டத் தொழிலாளரின் கடுமையான குருதிச்சோகைக்கு இது ஒரு முக்கிய காரணமாக இருந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்தார்கள். புழு வெளியேறியது. ஆனால் சில காலத்தில் அதே ஆட்களுக்குத் திரும்பவும் புழு வந்தது. காரணம், மலசலகூடங்கள் போதியளவு இல்லை. கால்கள் அதே மண்ணில்தான் நடந்தன. மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் நல்ல தண்ணீரும் சுகாதாரக் கல்வியும் சேர வேண்டும் என்பது அந்த அனுபவத்தில் தெளிவானது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவு இந்த எண்ணத்தில்தான் அமைந்தது. இன்று நம் வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அந்த வழியில் வந்தவர்களே.

இவர்களின் உழைப்பால் இலங்கையின் சுகாதாரம் உலகமே பாராட்டும் அளவுக்கு உயர்ந்தது. ஆனால் அந்த உயர்வு எல்லா இடத்துக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம். தோட்டப் புறத்தில் மட்டும் 31.7 வீதம். அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை.

உயரத்துக்கும் குருதிக்கும் என்ன தொடர்பு? குருதிச்சோகையுள்ள தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளை முதல் இரண்டு வருடத்தில் போதிய உணவில்லாமல், அடிக்கடி வயிற்றோட்டமும் சளியும் வந்து வளர்ந்தால் உயரம் குறையும். மூடிய அறையில் விறகுப் புகை இருந்தால் சளி இன்னும் கூடும். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, குருதிச்சோகையோடு வளர்ந்து தாயானால் கதை மறுபடியும் தொடங்குகிறது. ஆகவே பதினேழு வயதுப் பெண்ணின் ஈமோகுளோபின் அளவு அவளுடைய சொந்த விடயம் மட்டுமல்ல. இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் விடயமும் அதுதான்.

வேல்ஸ் நாட்டு வைத்தியர் கண்டது

வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஒரு கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் வேலை செய்தார். அங்கேயும் நம் நாட்டைப் போல இலவச மருத்துவம் உண்டு. ஆனால் நோய் எங்கே அதிகமோ அங்கே நல்ல மருத்துவ வசதி குறைவாகவும், நோய் எங்கே குறைவோ அங்கே வசதி அதிகமாகவும் இருப்பதை அவர் கவனித்தார். 1971 இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். மருத்துவ வசதி தேவைக்குத் தலைகீழாகப் பங்கிடப்படுகிறது என்பது அதன் சாரம். சுரங்கக் கிராமத்தைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தபோது எனக்கு எங்கள் மலை நினைவுக்கு வந்தது.

நகரத்தில் மட்டும் என்ன?

தோட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு எங்கள் நகரத்தை விட்டுவிடுவது நியாயமல்ல. கடைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, நாட்கூலி செய்து வாழும் குடும்பங்கள் இங்கேயும் உண்டு. அவர்களின் காலைச் சாப்பாடும் பணிசும் பிளேன்டீயும்தான். கடை வைத்திருக்கும் எங்களைப் போன்ற வீடுகளில் வேறொரு வருத்தம்: சீனி வருத்தம். என் உம்மம்மாவுக்குப் பத்து வருடமாக இருக்கிறது. கிளினிக் போகும்போதெல்லாம் "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடங்க" என்று சொல்வார்கள். "எங்க மகள் நடக்க?" என்று உம்மம்மா கேட்பார். அப்புத்தளை ஒரு மலை முகட்டில் நிற்கும் ஊர். ஒடுங்கிய பாதையில் பஸ்ஸும் லொறியும் போகின்றன; ஓரத்தில் கால் வைக்க இடமில்லை. வயதான பெண்கள் பயமில்லாமல் நடக்க ஓர் இடம் இல்லாத ஊரில், நடக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. பெண்பிள்ளை களைப்பு என்று சொன்னால் சோம்பல் என்று ஏசாமல் ஒரு தடவை குருதிப் பரிசோதனை செய்யுங்கள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைக்காதீர்கள். இரும்பு மாத்திரை குமட்டினால் நிறுத்திவிடாமல், சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கலாமா என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். சாப்பாட்டோடு விழுங்கினால் உறிஞ்சுவது சற்றுக் குறையும்; ஆனாலும் விழுங்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். பாடசாலையில் தரும் பூச்சி மாத்திரையை ஒளித்து எறியாதீர்கள், தோழிகளே. கீரை, நெத்தலி, கௌபி, முருங்கை இலை ஆகியவை இறைச்சியை விட மலிவு; அவற்றுக்குத் தேசிக்காய் சேருங்கள்.

ஆனால் வீட்டில் செய்யக்கூடியவை ஓர் எல்லையோடு நின்றுவிடும். அதற்கப்பால் கேட்க வேண்டியவை உள்ளன. மறுபரிசோதனைக் கிளினிக் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளை மடுவத்திலேயே நடந்தால் எந்த அம்மாவும் பேர் இழக்கத் தேவையில்லை. வகுப்புக்கு வரும் முன் ஒரு பிள்ளைக்குக் கௌபியோ கடலையோ ஒரு கோப்பை கிடைத்தால் மாத்திரை குமட்டாது. லயத்துக்குச் சுத்தமான தண்ணீரும் வீட்டுக்கொரு மலசலகூடமும் புகைபோக்கியும் வந்தால் பல மருந்துகள் தேவைப்படாமலே போகும். இவற்றை உதவி என்று சொல்லாமல் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே சொல்ல வேண்டும்.

இப்போது டியூஷன் நாளில் உம்மா இரண்டு பேருக்கு அவித்த கடலை கட்டித் தருகிறார். அவள் அதைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை விழுங்குகிறாள். வீட்டிலிருந்து அவள் கொண்டுவரும் நெல்லிக்காயை நான் சாப்பிடுகிறேன். அடுத்த பரிசோதனை அடுத்த மாதம். ஆனால் அந்த லயத்திலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு என் உம்மாவால் கடலை அவிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதினேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் வாசித்துக் காட்டினேன். முதல் பிரதியில் அவளைப் பற்றி 'பாவம்' என்றொரு சொல் போட்டிருந்தேன். அதை மட்டும் வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன்.