மனம் தளர்ந்தவருக்கு ஊர்க் குழுவின் துணை

பயிரில் இலை மஞ்சளித்தால் மறுநாளே காரணம் தேடும் விவசாயிகள், வீட்டில் ஒருவர் வாரக் கணக்கில் உறங்காமல் கிடந்தால் 'காத்து கருப்பு' என்றோ, சோம்பல் என்றோ விட்டுவிடுகின்றனர். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இது மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான்.

இத்தகையவருக்கு உதவப் புதிதாகச் சங்கம் எதுவும் அமைக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள்ளன. சேமிப்புக்காகக் கூடும் இடத்தில், யார் வரவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்பது தானே தெரிந்துவிடும். ஆண்கள் பால் சங்கத்திலோ உழவர் மன்றத்திலோ நாலைந்து பேராகப் பொறுப்பேற்கலாம்.

குழுவின் வேலை வைத்தியம் பார்ப்பது அன்று. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே முதல் உதவி. 'தைரியமாக இரு' என்ற அறிவுரை, நல்லெண்ணத்தில் சொன்னாலும், பேச வந்தவர் வாயை அடைத்துவிடும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கேட்ட செய்தி டீக்கடைக்குப் போகக் கூடாது. போனால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்.

மனச்சோர்வு மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரம் வரை ஆகும். பத்தாம் நாளே பலனில்லை என்று நிறுத்துவோர் உண்டு. சற்றுத் தெளிந்ததும் நிறுத்துவோரும் உண்டு. இரண்டுமே தவறு. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாத்திரை இலவசம் என்றாலும், பஸ் செலவும் அன்றைய கூலி இழப்பும் சிறு குடும்பத்துக்குப் பெரும் சுமை. மூன்று நான்கு பேரை ஒரே நாளில் சேர்த்து அழைத்துச் செல்வதும், குழு நிதியிலிருந்து பயணச் செலவு கொடுப்பதும் குழுவால் எளிதில் இயலும். நாள்பட்ட மனநோயாளியை வீட்டில் வைத்திருப்பவருக்கோ, நடவு நாளில் யாராவது நோயாளியுடன் இருந்தாலே பேருதவி.

வீட்டில் பூச்சிமருந்து வைத்திருப்பதும் கவனிக்க வேண்டியது. சோர்வின் வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் சென்னை 'சிநேகா' அமைப்பினர் ஊர்ப் பொது இடத்தில் பூட்டும் பெட்டிகள் அமைத்து, விவசாயிகள் அங்கேயே பூச்சிமருந்தை வைத்து எடுக்கச் செய்தனர். அங்குத் தற்கொலைகள் குறைந்தன என்று 2013-ல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. பொதுக் கிடங்கு இல்லாத ஊரில், தேவைக்கு மேல் மருந்து வாங்காமலும், இருப்பதை வீட்டுக்கு வெளியே பூட்டியும் வைக்கலாம்.

அவசர ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லாத எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.