ஆக்சிலேட்டர் முறுக்கும் கை மரத்துப்போகிறதா?

ஜெயமங்கலத்திலிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரை பைக்கில் போய் இறங்கினால், பலருக்கு வலது கை மரத்துப்போகிறது. பிடியை விடாமல் இறுக்குவதும் வண்டியின் அதிர்வும்தான் காரணம். பின்னால் காய்கறி மூட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கென்றே பிடியில் மாட்டும் பிளாஸ்டிக் தகடு கிடைக்கிறது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினாலே வண்டி ஓடும்; விரல்களுக்கு ஓய்வு. ஆனால், அவசரமாக பிரேக் பிடிக்கும்போது கை தகட்டில் பட்டால் வண்டி சீறிவிடும். ஊருக்குள்ளும், குமுளி மலைப்பாதையிலும் கழற்றி வைப்பதே நல்லது. வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் 'லாக்' நம் சாலைக்கு வேண்டவே வேண்டாம். ஆடு சொல்லிக்கொண்டா குறுக்கே வரும்?

எதையும் வாங்கும் முன், கேபிளை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். துருவேறி இறுகிய கேபிளை மாற்றினாலே கை லேசாகும். விட்டவுடன் பிடி தானாகத் திரும்ப வேண்டும். இரவிலும் விரல் மரத்தால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.