கட்டடக் கருவிகள் முகவரி பெறுமாறு

பல மாடிகளையுடைய இக்காலப் பெருங்கட்டடங்களிலே, வெப்பத்தை அளப்பனவும், வளியைச் சீராக்குவனவும், விளக்குகளை ஆள்வனவுமாகிய கருவிகள் பல, ஒரே கம்பித் தொடரிற் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு கம்பியிலே பலர் பேசுமிடத்து, எச்செய்தி எவர்க்குரியது என்பது தெளிவுறல் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு கருவிக்கும் தனியோர் எண் இன்றியமையாததாகும். அவ்வெண்ணே முகவரி எனப்படும்.

அதனைக் கையால் அமைப்பதே பழைய வழக்கு. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியமமாக வெளிவந்து, 2003இற் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்ட பக்நெற் என்னும் முறையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அதற்குரிய இரட்டைக் கம்பித் தொடரிலே, தாமாகப் பேசத் தொடங்கும் உரிமையுடைய கருவிகள் 0 முதல் 127 வரையுள்ள எண்களையே பெறும். அவ்வுரிமை எண்முறைப்படி ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும். எண்ணைப் பெரும்பாலும் கருவியிலுள்ள சிற்றாளிகளைத் தள்ளியே அமைப்பர். ஓர் ஆளி பிழைத்து, இரு கருவிகள் ஒரே எண்ணைப் பெறின், இரண்டும் ஒருங்கே பேசும். செய்திகள் மோதிச் சிதையும். பிழையற்ற ஏனைய கருவிகளும் தொடர்பிழத்தல் கூடும்.

இவ்விடரின்றிக் கருவிகள் தாமாகவே எண் பெறுதல் இயலுமா? இயலும் என்பதை, விளக்குகளை ஆளும் டாலி என்னும் முறை காட்டுகின்றது. இதன்கண் ஒரு தொடரில் 64 விளக்குக் கருவிகள் வரை அமையலாம். தொடக்கத்தில் எதற்கும் எண்ணில்லை. பெயரில்லாக் கூட்டத்திலே ஒருவரை மட்டும் அழைப்பது எங்ஙனம்?

முதலிற் கட்டுப்படுத்தி, யாவும் எழுமாறாக ஓர் எண்ணைத் தெரிந்துகொள்க எனப் பணிக்கும். அவ்வெண் 24 துவித இலக்கங்களைக் கொண்டது. ஏறக்குறைய 1 கோடியே 68 இலட்சம் எண்களுள் ஒன்று. பின்னர், "இவ்வெண்ணோ இதனிற் குறைந்ததோ உடையவர் உளரா?" என வினவும். உள்ளவை ஆம் என்னும், இல்லாதவை வாளாவிருக்கும். பல விடைகள் ஒருங்கே மோதினும் கேடில்லை. மௌனமன்மையே போதிய விடையாகும்.

0 முதல் 15 வரையுள்ள எண்களுள் 5, 9, 14 என்பவற்றை மூன்று விளக்குகள் கொண்டன என்க. 7 வரை உண்டா? ஆம். 3 வரை? மௌனம். 5 வரை? ஆம். 4 வரை? மௌனம். எனவே மிகச் சிறிய எண் 5 என்பது நான்கே வினாக்களிற் பெறப்பட்டது. இவ்வாறே 24 வினாக்களில் ஒரு கருவி அகப்படும். அதற்கு 0 முதல் 63 வரையுள்ள நிலையான எண்களுள் ஒன்றை அளித்து, தேடலினின்றும் விலக்கி, எஞ்சியவற்றைத் தேடுவர்.

64 கருவிகளுள் இரண்டு ஒரே எண்ணைத் தெரிந்துகொள்ளும் நிகழ்தகவு ஏறத்தாழ 8,300இல் ஒன்றேயாம். நிகழின் மீண்டும் தேடலாம். ஆயின் வேறொரு குறை உண்டு. எண்ணை இயந்திரம் அளிக்கும். அவ்வெண்ணுடைய விளக்கு எவ்வறையில் உள்ளது என்பதை அஃது அறியாது. ஆதலின் ஒவ்வொன்றையும் மினுங்கச் செய்து, ஒருவர் நேரிற் கண்டு, வரைபடத்திற் குறித்தல் வேண்டும். பழுதுற்ற கருவி ஒன்றை மாற்றினால், வெற்றிடமான எண்ணைப் புதியதற்கு இயந்திரமே வழங்கலாம். இரண்டை ஒருங்கே மாற்றினாலோ, எது எவ்விடத்தது என்பதை மனிதனே கூறல் வேண்டும்.

எண்ணிடும் உழைப்பு இயந்திரத்துக்கு உரியதாயிற்று. எண்ணையும் இடத்தையும் பொருத்திக் குறித்து வைக்கும் பொறுப்போ இன்னும் நம்முடையதே. அக்குறிப்பு இல்லாத கட்டடத்திலே, ஓர் அறைக்கென விடுத்த கட்டளை மற்றோர் அறையின் விளக்கை அணைக்கும்.