கண்ணி கண்ணியாக – 14: விலை சொல்லும் வாய்

கண்காட்சி மேசையில் எதை முன்னால் வைப்பது, எதைத் தொங்கவிடுவது, விலைச் சீட்டில் என்ன எழுதுவது என்று இந்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். நூல் தேர்வும் கண்ணிக் கணக்கும் முன்பே முடிந்துவிட்டன. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மேசைக்குப் போவதற்கு முன் ஒரு நீதிமன்ற உத்தரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாரம் முழுக்க அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆண்டு 1625. இடம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகள். மரம் அதிகம் இல்லாத, காற்று ஓயாத மண். ஆடும் மீனும்தான் அங்கே சோறு போட்டன. அன்றைய தலைமை ஊரான ஸ்கேலோவேயில் கூடிய நீதிமன்றம், லெர்விக் கடற்கரையில் முளைத்திருந்த குடிசைகளை இடித்துத் தள்ளச் சொன்னது. குடியும் கூத்தும் அடிதடியும் பெருகிவிட்டன என்பது குற்றச்சாட்டு. உத்தரவு அதோடு நிற்கவில்லை. எந்தப் பெண்ணும், அவள் எவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், டச்சுக்காரர்களுக்குக் காலுறை விற்க அந்தக் கரைக்குப் போகக் கூடாது. விற்க வேண்டுமென்றால் கணவனையோ மகனையோ வேலையாளையோ அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். பின்னுவதைத் தடுக்கவில்லை. விற்பதையும் தடுக்கவில்லை. பின்னியவள் தானே போய் நின்று, வாங்குபவன் முகத்தைப் பார்த்து, தன் வாயால் விலை சொல்லி, தன் கையில் காசு வாங்குவதை மட்டும் தடுத்தார்கள். நானூறு வருடங்களுக்கு முன்னால் போட்ட அந்தத் தடையின் நிழலை நம் ஊர்க் கண்காட்சிகளில் இன்றும் பார்க்கிறேன். அதனால்தான் இது இந்தத் தொடருக்குள் வந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

டச்சுக்காரர்கள் ஏன் அங்கே வந்தார்கள்? ஹெர்ரிங் மீனுக்காக. புனித யோவான் திருநாளான ஜூன் 24-க்கு முன் வலை போடக் கூடாது என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். அதுவரை நூற்றுக்கணக்கான படகுகள் லெர்விக்கை ஒட்டிய பிரெஸ்ஸே நீரிணையில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். ஆயிரக்கணக்கான ஆட்கள், கையில் காசு, செய்வதற்கு வேலை இல்லை, கால் நடுங்கும் குளிர்! பெண்கள் குளிர்காலம் முழுக்க பின்னிவைத்த காலுறைகளையும் கையுறைகளையும் தொப்பிகளையும் அள்ளிக்கொண்டு அங்கே வந்தார்கள். யாரும் அழைப்பிதழ் அடிக்கவில்லை, பந்தல் போடவில்லை. வாங்க வேண்டியவன் காத்திருந்த இடத்துக்கு விற்க வேண்டியவள் போனாள். உள்ளூர்க் கைவினைச் சந்தை என்று நாம் இன்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லெர்விக் அழியவில்லை. இடிக்கச் சொன்ன குடிசைகள் மறுபடி எழுந்தன, ஊராயின. ஸ்கேலோவேயைப் பின்னுக்குத் தள்ளி அதுவே தீவுகளின் தலைநகரானது. இன்றும் அதுதான் தலைநகர். காலுறை விற்ற கரையில் ஒரு தலைநகர் எழுந்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1951இல் ஷெட்லாந்தின் கன்னிஸ்டர் என்ற இடத்தில் அடுப்புக்காக பீட் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த ஒரு மனிதனின் உடைகளைக் கண்டெடுத்தார்கள். உடல் ஏறக்குறையக் கரைந்துவிட்டது. அந்த மண்ணின் புளிப்பு கம்பளியை மட்டும் காப்பாற்றி வைத்திருந்தது. தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் கைப்பின்னல். கூடவே ஒரு சின்னப் பணப்பையும் இருந்தது, அதுவும் பின்னியதுதான். சாம்பல் நிறத்தில் சிவப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் வேலைப்பாடு. பல நிற நூல் கோத்துப் பின்னிய வேலையில் ஷெட்லாந்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அது. பைக்குள் மூன்று நாணயங்கள். இரண்டு டச்சு நாணயங்கள், ஒன்று சுவீடன் நாணயம். கடல் தாண்டி வந்த காசு ஒரு பின்னல் பைக்குள் ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் பத்திரமாகக் கிடந்திருக்கிறது. கண்ணிகளை நெருக்கமாகப் போட்ட அந்தக் கைகளை மனதாரக் கும்பிடுகிறேன்.

கரையில் காசு புழங்கிய காலம் நீடிக்கவில்லை. 1703இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பிரெஸ்ஸே நீரிணையில் நின்ற டச்சுப் படகுகளைத் தீயிட்டு எரித்தன. அந்த நூற்றாண்டில் டச்சு மீன்பிடித் தொழிலே தேய்ந்தது. தீவின் வியாபாரம் நிலக்கிழார்கள் கைக்கும் கடைக்காரர்கள் கைக்கும் போனது. பின்னலின் அருமை மட்டும் குறையவே இல்லை. ஷெட்லாந்தில் பிறந்த ஆர்தர் ஆண்டர்சன் – பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் – 1837இல் விக்டோரியா அரசிக்கு ஷெட்லாந்துக் காலுறைகளைப் பரிசாகக் கொடுத்தார். அதன்பின் லண்டனில் மவுசு ஏறியது. ஷெட்லாந்தின் அன்ஸ்ட் தீவுப் பெண்கள் மயிரிழை போல நூல் நூற்று, ஆறடிக்கு ஆறடிச் சால்வை பின்னினார்கள். முழுச் சால்வையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும்.

அந்தச் சால்வைக்கு அவளுக்கு என்ன கிடைத்தது?

தேயிலை.

1872 ஜனவரியில் இதை விசாரிக்க அரசு ஓர் ஆணையம் அனுப்பியது. வில்லியம் குத்ரி என்ற வழக்கறிஞர் பின்னல்காரப் பெண்களையும் கடைக்காரர்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். கேள்வியும் பதிலும் அப்படியே அச்சானது. அதைப் படித்தால் அந்த ஏற்பாடு தெளிவாக விளங்குகிறது. சால்வையைக் கடையில் கொடுத்தால் கடைக்காரர் விலை சொல்வார். அந்த விலைக்குத் தேயிலையோ துணியோ சில்லறைச் சாமானோ எடுத்துக்கொள்ள வேண்டும். காசு கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. அடுப்பில் ஏற்ற மாவு கேட்டால் அதுவும் அரிது. அன்றைக்குச் சாமான் வேண்டாம் என்றால் தொகை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். அதே கடையில்தான் அது செல்லும். வீட்டில் பசி. பெண்கள் அந்தத் தேயிலையைக் கொண்டுபோய் அக்கம்பக்கத்துக் குடியானவர்களிடம் கொடுத்து மாவும் உருளைக்கிழங்கும் மாற்றிக்கொண்டார்கள். வாடகை கட்டக் காசு வேண்டுமென்றால், கிடைத்த துணியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இவர்கள் சும்மா இருந்தவர்களும் இல்லை. முதுகில் வைக்கோல் கூடை நிறைய பீட் சுமந்து மைல் கணக்கில் நடக்கும்போதும் கை பின்னிக்கொண்டே இருக்கும். இடுப்பில் ஒரு தோல் வார். அதில் குதிரைமயிர் அடைத்து ஓட்டை போட்ட ஒரு திண்டு. ஊசியின் ஒரு முனை அந்த ஓட்டையில் ஊன்றி நிற்கும். நடந்தாலும் வேலை கலையாது. இவ்வளவுக்கும் பிறகு கிடைத்தது ஒரு பொட்டலம் தேயிலை.

ஒரு கிளைக் கதை. ஷெட்லாந்துத் தீவுகளே காசுக்குப் பதிலாகக் கைமாறியவைதான். 1469இல் டென்மார்க்–நார்வே அரசர் முதலாம் கிறிஸ்டியன், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசருக்குக் கட்டிக்கொடுத்தார். பேசிய சீர்ப்பணம் கையில் இல்லை. குறைந்த 8,000 புளோரினுக்கு ஈடாக ஷெட்லாந்தை அடமானம் வைத்தார். அதை அவர் மீட்கவே இல்லை. அடமானத்தில் போன மண்ணின் பெண்கள், பின்னாளில் தங்கள் உழைப்பையும் கடைக்காரரின் கணக்கேட்டில் அடமானம் வைக்க நேர்ந்தது.

ஆணையத்தின் விசாரணை வீண்போகவில்லை. 1831இன் பழைய சட்டம் கூலியைக் காசாகவே தரச் சொன்னது. ஆனால் வீட்டிலிருந்து பின்னும் பெண்ணை அது தொழிலாளியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1887இல் வந்த திருத்தம் அவளைச் சேர்த்தது. தன் வீட்டில் தானும் தன் குடும்பத்தாருமாகச் செய்த, ஐந்து பவுண்டுக்குக் குறைந்த பொருளுக்கும் காசுதான் தர வேண்டும் என்றது. கம்பளிப் பின்னல் என்று பொருளையே பெயர் சொல்லிக் குறித்தது. நடைமுறை மாற மேலும் பல வருடங்கள் ஆயின. ஆனாலும் ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் பின்னல்காரிக்கு ஓர் இடம் கிடைத்தது பெரிய விஷயம்.

இப்போது நம் மேசைக்கு வருவோம்.

கைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்ப் பெண்கள் சதுரம் சதுரமாகப் போட்டு அனுப்பிச் சேர்த்தது. அப்படிப்பட்ட கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆனால் கண்காட்சியில் என்ன நடக்கிறது? பின்னிய அம்மா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முன்னால் நிற்பது மகனோ வீட்டுக்காரரோ. "இது எவ்வளவுங்க?" என்று கேட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். அம்மா வாய் திறப்பதற்குள், "நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிடுவார். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எத்தனை மணி நேரம் ஆனது என்று தெரிந்த ஒரே ஆள், பேச்சிலேயே இல்லை.

ஆகவே என் முதல் விதி: பின்னியவர்தான் முன்னால் நிற்க வேண்டும். கூச்சமாக இருந்தால் கையில் ஊசியும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னிக்கொண்டே பேசுபவரிடம் பேரம் பேசுகிறவர்களின் குரல் தானாகத் தணிகிறது. வேலை கண்முன்னால் நடக்கிறது அல்லவா!

இரண்டாவது, கணக்கை முதல் நாள் வீட்டிலேயே போட்டுவிடுங்கள். குழந்தைக்கான ஒரு செட் – தொப்பி, காலுறை, கையுறை – என்று வைத்துக்கொள்வோம். நூல் 150 ரூபாய். வேலை 8 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 480. மேசை வாடகையில் இந்தப் பொருளின் பங்கு 40. பை, சீட்டு 10. மொத்தம் 680. "கடையில 200க்குக் கிடைக்குதே, அக்கா" என்பார்கள். கிடைக்கும், அது மெஷின் வேலை. "இது எட்டு மணி நேரம் கையால போட்டதுங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

680 கொடுக்க அந்த ஊரில் ஆளில்லை என்றால்? கூலியைக் குறைக்காதீர்கள்; பொருளை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற தலைப்பட்டி, கொலு சமயத்தில் வாசலுக்குக் குரோஷாத் தோரணம், சாவிக்கொத்தில் மாட்டும் சின்னப் பூ. மணிக்கு 60 என்பது எல்லாவற்றிலும் அப்படியே நிற்கும். விற்கவில்லை என்ற கவலையில் முதலில் வெட்டுப்படுவது எப்போதும் நம் கூலியாகவே இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நாம்தான் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, காசு. "வித்ததும் தர்றேன்" என்று பொருளை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. கூலிக்குப் பதில் நூலாக எடுத்துக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. அப்படி யாராவது கேட்டால் அந்தத் தேயிலைப் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் வேண்டுமென்றால் காசு வாங்கிய பிறகு நீங்களே போய், பிடித்த கடையில் பிடித்த நிறத்தில் வாங்கலாம். எந்தக் கடையில் வாங்குவது என்ற முடிவு நம் கையில் இருக்க வேண்டும். கூலி காசாக வந்தால்தான் அது நடக்கும். கண்காட்சி மேசையை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்கும் இதுவே காரணம். அங்கே நடுவில் யாரும் இல்லை. தெரியாத ஒருவர் வருகிறார், தொட்டுப் பார்க்கிறார், நம் கையில் காசு வைத்துவிட்டுப் போகிறார்.

மேசை அலங்காரத்துக்கு இந்த வாரம் இடம் போதவில்லை. மேசை விரிப்பின் நிறம், தொப்பிகளை எந்த உயரத்தில் வைப்பது, சில்லறை எவ்வளவு கொண்டுபோவது எல்லாம் அடுத்த வாரம். கூடவே, ஷெட்லாந்தின் ஃபேர் ஐல் ஸ்வெட்டரை 1922இல் வேல்ஸ் இளவரசர் கோல்ஃப் மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போனதும் ஒரு சின்னத் தீவின் பின்னலுக்கு உலகச் சந்தை திறந்த கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் ஒரு வேலை செய்துவையுங்கள். வீட்டில் பின்னி முடித்து வைத்திருக்கும் பொருள்களில் ஒன்றை எடுத்து, ஆன நேரத்தைக் கணக்குப் போட்டு, விலைச் சீட்டை உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுதிய தொகையைச் சத்தமாகப் படித்துப் பழகுங்கள். கண்காட்சியில் அதைச் சொல்லப்போவது நீங்கள்தான்.

(தொடரும்)