டிக்கெட் இல்லாதவருக்கும் இடமுண்டு

"எஸ்பிளனேட் எல்லாம் வசதி படைத்தவர்களுக்குத்தானே?" நிகழ்ச்சியில் ஒரு நேயர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

2002 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்தக் கலையரங்கம் என்றதும் பலருக்கு டுரியான் பழம்தான் நினைவுக்கு வரும். அந்த முட்கள் வெறும் அலங்காரம் அல்ல. கண்ணாடிக் கூரைக்கு நிழல் தரும் 7,000க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள் அவை. வெயிலின் போக்குக்கு ஏற்பச் சாய்த்துப் பொருத்தியதால் வெளிச்சம் வரும், வெப்பம் குறையும்.

உள்ளே சுமார் 1,600 பேருக்கான இசையரங்கும் சுமார் 2,000 பேருக்கான நாடக அரங்கும் உள்ளன. இவற்றுக்கு டிக்கெட் வேண்டும். ஆனால், மரினா பே நீரோரத்தில் உள்ள திறந்தவெளி அரங்கில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இலவசம். ஆண்டுதோறும் நடைபெறும் 'கலா உற்சவம்' இந்தியக் கலை விழாவிலும் இலவச நிகழ்ச்சிகள் உண்டு. வேலை முடிந்து வரும் ஊழியரும் நின்று கேட்கலாம்.

நீரோர நிலம் விலைமதிப்பு மிக்கது. அங்கே சுவர் எழுப்பினால், காற்றும் காட்சியும் காசுள்ளவர்களுக்கே சொந்தமாகிவிடும். இங்கே நடைபாதை எல்லாருக்கும் பொது. அரங்கினுள் நுழையத் தயங்குபவருக்கு அதுவே முதல் வாசல்.

அடுத்த வார இறுதியில் பிள்ளைகளோடு ஒருமுறை போய்வாருங்களேன்!