ஆமணக்கெண்ணெய்: பயனும் பக்கவிளைவும்

விளக்கெண்ணெய் என்றும் வழங்கும் ஆமணக்கெண்ணெய், ஜேர்மனியில் ‘ரிட்சினுஸ் ஓல்’ என்னும் பெயரில் மருந்தகங்களில் வைத்தியரின் மருந்துச்சீட்டு இன்றியே கிடைக்கிறது. சீட்டு தேவையில்லை என்பதனால் அது தீங்கற்றது என்று கொள்ளலாகாது.

செயற்படும் முறை

உட்கொண்ட எண்ணெய் சிறுகுடலில் செரிக்கும்போது ரிசினோலெயிக் அமிலம் வெளிப்பட்டு, குடற்றசைகளைச் சுருங்கச் செய்கிறது. ஹெஸ்ஸன் மாநிலத்தின் பாட் நௌஹைம் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012 ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினர். எலிகளில் நடத்திய ஆய்வில், குடற்றசையைத் தூண்டும் அதே ஏற்பியின் வழியாக இவ்வமிலம் கருப்பைத் தசையையும் சுருங்கச் செய்வதை அவர்கள் கண்டறிந்தனர். பேதிக்கென அருந்தும் எண்ணெய் பிரசவ வலியையும் தூண்டக்கூடும் என்பதற்கான காரணம் இதுவே.

பயன்கள்

வளர்ந்தோருக்கு எப்போதாவது ஏற்படும் மலச்சிக்கலுக்கு இதனைக் குறுகிய காலம் பயன்படுத்தலாம். வறண்ட தோலுக்கும் பாதவெடிப்புக்கும் பூசலாம். தலைமுடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கர்ப்பிணித் தாய்மார்

ஜேர்மனியிலும் பிரசவத் திகதி கடந்த பின்னர், பாதாமிச் சாறு முதலியவற்றுடன் இவ்வெண்ணெயைக் கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. அது வைத்தியரின் அல்லது மருத்துவச்சியின் கண்காணிப்பில் மட்டுமே நடைபெற வேண்டும். ஊரிலுள்ள மூத்தோர் தொலைபேசியில் கூறும் அளவை நம்பி வீட்டில் அருந்துவது அளவுக்கு மீறிய வலியையும் கடும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம். சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி உடைய கர்ப்பிணிகளுக்கு மருத்துவச்சியின் சேவைச் செலவைக் காப்புறுதி நிறுவனமே ஏற்கிறது. ஆகவே தயங்காது அவரிடம் கேட்கலாம்.

குழந்தைகள்

குறித்த காலத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்குப் பேதி கொடுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். வயிற்றுப்போக்கினால் குழந்தையின் உடல்நீர் விரைவில் குறைந்துவிடும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று அழற்சியை உண்டாக்கலாம். கண்ணிலும் எண்ணெய் விடலாகாது.

ஏனையோர்

காரணம் அறியாத வயிற்றுவலி, குடலடைப்பு, குடலழற்சி உடையோர் இதனை உட்கொள்ளலாகாது. நீடித்த பயன்பாடு உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். எனவே இதய நோய்க்கோ சிறுநீரைப் பெருக்குவதற்கோ மருந்து எடுப்போர் முன்கூட்டியே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ ஆலோசனை பெற வேண்டும்.

விதை

இந்நாட்டுப் பூந்தோட்டங்களில் அழகுக்காக ஆமணக்கு வளர்க்கப்படுகிறது. அதன் விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அந்நஞ்சு எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆதலால் வீட்டில் விதையை அரைத்து மருந்து தயாரித்தல் பேராபத்தாகும்.

அவசர உதவி

விதையைக் கடித்து விழுங்கியவருக்கு அறிகுறி தோன்றும் வரை காத்திராது, உடனடியாக நச்சுத் தகவல் நிலையத்தை அழைக்கவும். வடரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்துக்குரிய நிலையம் பொன் நகரில் உள்ளது: 0228 19240. உயிராபத்து எனில் 112 ஐ அழைக்கவும். வைத்தியர் நிலையங்கள் மூடியிருக்கும் வேளைகளில், அவசரமற்ற ஆலோசனைக்கு 116117 ஐ அழைக்கலாம்.